கொழும்பு எவ்வளவு தூரம்?

‘விசா’ என்ற சொல்லை அறியாத மாணவர் இன்று நம்மிடையே இல்லை. மேற்படிப்புக்குக் கடல் கடக்க விரும்புவோரும், வளைகுடா நாடுகளில் வேலை தேடுவோரும் நாள்தோறும் உச்சரிக்கும் சொல் அது. ஆனால் அதன் பொருள் என்ன என்று கேட்டால் பலர் கடவுச் சீட்டையும் விசாவையும் ஒன்றாக்கிக் குழப்பி விடுகின்றனர். கடவுச் சீட்டு நம் நாடு நமக்குத் தருவது. ‘இவர் எம் குடிமகன்’ என்று உலகுக்குச் சொல்வது. விசா பிற நாடு தருவது. ‘இவர் எம் வாயில் வரை வரலாம்’ என்று சொல்வது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் ‘பார்க்கப்பட்டது’ என்றே பொருள். வீட்டுக்காரர் நம்மைத் திண்ணை வரை வரச் சொல்லியிருக்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் நிற்கும் அதிகாரியின் கையில் இருக்கிறது. விசாவைக் கையில் வைத்துக்கொண்டே விமான நிலையத்திலிருந்து திரும்பியவர்கள் உண்டு.

விசா வாங்கிச் சென்று காணத்தக்க விந்தை நாடுகள் என்று பயண நிறுவனங்கள் நீண்ட பட்டியல்களை வெளியிடுகின்றன. வட கொரியா, துருக்மெனிஸ்தான் என்று அப்பட்டியல் போகும். தொலைவில் இருப்பதும், நுழைவதற்கு அரிதாக இருப்பதுமே விந்தை என்பது அவர்கள் கொள்கை போலும். நான் அவ்வாறு கருதவில்லை. இத்திருவனந்தபுரத்தில் நின்றபடியே சுற்றிலும் ஒருமுறை பார்த்தால், அவற்றினும் விந்தையான ஊர்கள் நம் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே கிடக்கின்றன.

ஒரு வரைபடத்தையும் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். மாலத்தீவின் தலைநகராகிய மாலேயும் ஏறத்தாழ அதே தொலைவுதான். இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காய் மேற்கே 430 கிலோமீட்டர். கொழும்போ 370 கிலோமீட்டருக்குள் அடங்கி விடும். அதாவது, இங்கே படிக்கும் தமிழ் மாணவனுக்குச் சென்னையைவிடக் கொழும்பே அருகில் உள்ள பட்டணம். இனி இவ்வூர்களுக்குச் செல்ல என்ன தாள் வேண்டும் என்று பாருங்கள். தொலைவுக்கும் தாளுக்கும் எத்தொடர்பும் இல்லை என்பது விளங்கும்.

முதலில் மாலே. அது அயல்நாடு, தனிக் கொடி, தனி நாணயம், தனி அரசு. ஆயினும் அங்கே செல்லும் இந்தியர் முன்கூட்டி விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கடவுச் சீட்டும், திரும்பி வரும் பயணச் சீட்டும், தங்குமிடத்துக்குச் சான்றும் இருந்தால் இறங்கும் இடத்திலேயே அனுமதி தருகின்றனர். பிற நாட்டாரில் பெரும்பாலோருக்கு 30 நாள். இந்தியருக்கு 90 நாள். நம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் நடந்து செல்வோர் அங்குள்ள மாலத்தீவு மக்களைக் கண்டிருப்பீர்கள். சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு வந்து, வீடு வாடகைக்கு எடுத்து, மாதக்கணக்கில் தங்கிச் செல்கிறார்கள். அவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி.

அடுத்து மினிக்காய். இஃது இந்திய மண். ஆனால் இங்கே பேசப்படும் மஹல் என்னும் மொழி, மாலத்தீவின் திவேஹி மொழியின் ஒரு வழக்கே ஆகும். மாலத்தீவின் வடகோடித் தீவு இதற்குத் தெற்கே சுமார் 125 கிலோமீட்டரில் இருக்கிறது. இடையே ஒரு நீரிணை, அவ்வளவுதான். மாலேக்கு முன்கூட்டி விண்ணப்பிக்காமல் போகிற நாம், நம் நாட்டின் மினிக்காய்க்குப் போக வேண்டுமானால் நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியக் குடிமக்களும் அனுமதியின்றி அங்கே கால் வைக்க முடியாது. கேட்பவர்க்கு இது முரணாகத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு சிறு தீவின் நிலமும் நன்னீரும் கொஞ்சமே. வெளியிலிருந்து பணம் படைத்தோர் நாலு பேர் வந்து வாங்கத் தொடங்கினால் தீவார் தம் ஊரிலேயே வாடகைக்காரர் ஆகி விடுவர். பூட்டு போடுவது எப்போதும் பகைமையால் அன்று.

இப்போது கொழும்பு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இவ்வூர்தான். எனவே இங்கே சற்று நிற்பதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் வண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் இரயில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். ‘போட் மெயில்’ என்று பெயர் பெற்ற வண்டி அதுவே. ஒரே பயணச் சீட்டு; நடுவில் கடல் ஒரு நிறுத்தம் போல.

அக்காலத்தில் கொழும்புக்கு விசா கிடையாது. இந்தியாவும் இலங்கையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. ஆனால் எல்லாரும் ஒன்றுபோல் போனார்கள் என்று எண்ண வேண்டா. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி மக்களை மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினர். அரசியல் வாயில் திறந்திருந்த நாளிலும் ஏழைக்கு ஒரு தனி வாயில் இருந்தது. அடைப்பு முதலில் இலங்கைப் பக்கத்திலிருந்து வந்ததும் அன்று. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலையிலிருந்து நீக்கிற்று. அதற்கு மறுமொழியாக, கைத்தொழில் அறியாத தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு அதே ஆண்டில் தடை செய்தது. அந்நாளில் வேலை இழந்தோரில் தமிழர் மட்டும் அல்லர், மலையாளிகளும் பலர் இருந்தனர். இதை நம் வகுப்பு நண்பர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் குடும்பங்களிலும் ஒரு கொழும்புக் கதை இருக்கக் கூடும்.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லர் என்று ஆயினர். அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இந்தியர் இலங்கைக்குள் செல்லக் கடவுச் சீட்டும் விசாவும் வேண்டும் என்றாயிற்று. நவம்பர் முதல் நாள் என்றால் 1956ஐ மட்டுமே நினைக்கிறோம். குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும், கேரளம் பிறந்ததும் அந்த நாளில்தான். களியக்காவிளையில் அன்று ஓர் எல்லை தோன்றியது. ஆனால் அதைப் பஸ்ஸில் உறங்கிக் கொண்டே கடக்கிறோம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில் கடலில் விழுந்த எல்லையை உறங்கிக் கொண்டு கடக்க இயலவில்லை.

என் பூட்டனார் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். 1930களில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதச் சென்றவர். போகும்போது கையில் இருந்தது பயணச் சீட்டும் ஒரு தகரப் பெட்டியும் மட்டுமே என்று என் தாத்தா சொல்வார். 1949க்குப் பிறகு அவர் தொடர்ந்து வேலை செய்வதற்குத் ‘தற்காலிக வதிவிட அனுமதி’ என்று ஒன்று தேவைப்பட்டது. அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு முடியுமுன் புதுப்பிக்க விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு மறுமொழி வரும்வரை ஊருக்கு வர அச்சம். வந்தால் திரும்ப விடுவார்களோ, மாட்டார்களோ? அந்த அச்சத்தில் தம் மகளின் திருமணத்துக்கே அவர் வரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து அனுமதி நீட்டிக்கப்படாமல் ஊர் திரும்பினார். அந்தத் தாளை எங்கள் வீட்டில் இன்றும் வைத்திருக்கிறார்கள். முத்திரைகள் மங்கி விட்டன. தேதிகள் மட்டும் தெரிகின்றன.

அவரைப் போன்றோர் முறைப்படி வந்து முறைப்படி திரும்பியவர்கள். தாள் கிடைக்காத சிலர் இரவில் வள்ளம் ஏறினர். அவர்களைக் குறிக்கப் பிறந்த ‘கள்ளத்தோணி’ என்ற சொல், சில ஆண்டுகளுக்குள் அங்கே பிறந்து வளர்ந்த தமிழனையும் ஏசும் சொல்லாக மாறிற்று. வந்த வழியைக் குறித்த ஒரு பெயர், பிறந்த இனத்தின் மேல் ஒட்டிக் கொண்டது. விசா என்பது வெறும் தாள் அன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது; பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டியும் அதில் கடலுக்கு இரையாயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ‘இராமானுஜம்’ என்ற கப்பல் ஓடியது. அது தலைமன்னாரிலிருந்து ஏற்றி வந்தவர்களில் பெருந்தொகையினர், தாம் ஒருபோதும் கண்டிராத தாய்நாட்டுக்குத் ‘திரும்பிய’ மக்கள். 1980களின் முற்பகுதியில் அதுவும் நின்றது.

அம்மக்களைக் காண இராமேசுவரம் வரை போக வேண்டியதில்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் புனலூரை அடுத்த குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்கள் உள்ளன. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டவை அவை. அவற்றை நடத்தும் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976இல் பதிவாயிற்று. அத்தோட்ட லயங்களிலிருந்து படிக்க வந்தவர்கள் நம் பல்கலைக்கழகத்திலும் இருப்பார்கள். ‘உன் ஊர் எது?’ என்று அவர்களைக் கேட்கும்போது, விடை சொல்லச் சற்று நேரம் ஆனால் பொறுத்திருங்கள்.

1983க்குப் பிறகு ஓட்டம் மறுபக்கம் திரும்பியது. இனக் கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி ஈழத் தமிழர் படகுகளில் வந்திறங்கினர். கூலி மக்களை நோய் பார்க்க நிறுத்திய அதே மண்டபம் முகாம் அவர்களுக்கு இருப்பிடம் ஆயிற்று. வந்தவர்களிடம் விசா இல்லை. எனவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் நெடுங்காலம் அனுமதியின்றி நுழைந்தவர்களாகவே இருந்தனர். 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குமுன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச் சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்களித்து 2025 செப்டம்பரில் இந்திய அரசு ஆணையிட்டது. குடியுரிமை வேறு பொருள். அது இவ்வாணையில் இல்லை.

இன்று நாம் கொழும்பு செல்வது எளிது. 2012 முதல் இலங்கை ‘ஈ.டி.ஏ.’ என்னும் முன் அனுமதியைக் கணினி வழியே வழங்கத் தொடங்கியது. கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவன. புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்க. கடல் வழியும் விட்டு விட்டு உயிர் பெறுகிறது. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விடப்பட்ட கப்பல் சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கியது சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. வாய்ப்புள்ளோர் விமானத்தை விட்டு இவ்வழியே ஒருமுறை செல்ல வேண்டும் என்பது என் அவா. எவ்வளவு சிறிய கடல் அது என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரியும்.

அக்கடலின் நடுவில் விசாவே வேண்டாத ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. கச்சத்தீவைச் சொல்கிறேன். சுமார் 285 ஏக்கர்; குடியிருப்பு இல்லை, குடிநீர் இல்லை; இருப்பது அந்தோணியார் கோயில் ஒன்றே. 1974 ஒப்பந்தத்தால் தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. ஆனால் அதன் 5ஆம் பிரிவு ஒரு விந்தையைச் செய்தது: இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்கு வந்து போகலாம், அவர்களிடம் இலங்கை பயணத் தாளோ விசாவோ கேட்காது என்று எழுதி வைத்தது. மாசி, பங்குனியில் நடக்கும் திருவிழாவுக்கு, முன்னதாகப் பெயர் கொடுத்து, இராமேசுவரத்திலிருந்து படகில் செல்லலாம். யாழ்ப்பாணத்தார் அப்பக்கமிருந்து வருவர். இரு கரைத் தமிழரும் தாள் இன்றிச் சந்திக்கும் இரண்டு நாட்கள் அவை. அதுவும் தங்கு தடையற்றது அன்று. மீனவர் சிறைப்பட்டதை எதிர்த்து 2024இல் இராமேசுவரத்தார் திருவிழாவைப் புறக்கணித்தனர். தாள் தேவையில்லை என்றால் துன்பமும் இல்லை என்று பொருள் அன்று.

விசா வேண்டாத தீவைச் சொன்னேன். எவருக்கும் விசா கிடைக்காத தீவும் இதே கடலில் உண்டு. தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டரில் டீகோ கார்சியா. 1965இல் பிரித்தானியா அதனையும் சூழ்ந்த தீவுகளையும் தனி ஆட்சிப் பகுதியாக்கி, அங்கு வாழ்ந்த மக்களை 1968 முதல் 1973 வரையில் வெளியேற்றி, அமெரிக்கப் படைத்தளத்துக்கு இடம் கொடுத்தது. சுற்றுலாப் பயணி அங்கே இறங்க முடியாது. குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர் அக்கடலில் பிடிபட்டதுண்டு. 2021 அக்டோபரில் கனடா செல்லக் கருதிய ஈழத் தமிழரின் படகு ஒன்று பழுதுற்று அங்கே சேர்ந்தது. அவர்களில் அறுபது பேரளவு, பெண்டு பிள்ளைகளுடன், வேலியிட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தனர். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரித்தானியாவுக்கு அழைத்துச் சென்றனர். அவர்களை அங்கே வைத்திருந்தது சட்டத்துக்கு மாறான சிறைவைப்பு என்று அப்பகுதியின் நீதிமன்றமே அம்மாதத்தில் தீர்ப்பளித்தது. பயண நிறுவனங்களின் விந்தை நாட்டுப் பட்டியல் எதிலும் இத்தீவைக் காண முடியாது.

தொலைதூரத்து வேடிக்கைகளைக் கேட்க விரும்பும் நண்பர்களுக்காக ஒன்றிரண்டு. வட துருவத்தருகே நார்வேக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுகளில் எந்நாட்டாரும் விசாவின்றி வாழலாம். இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வழி நார்வே நிலப்பகுதி வழியே. அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். அதுவும் இருமுறை நுழையும் விசா. ஒருமுறை மட்டும் நுழையும் விசா வாங்கியவர் தீவுக்குப் போய்விடலாம், நார்வே வழியே திரும்ப இயலாது! அண்டார்க்டிகாவும் அவ்வாறே. 1959 ஒப்பந்தத்தின்படி விசா தர அங்கே அரசே இல்லை. கப்பலோ அர்ஜென்டினா போன்ற நாட்டிலிருந்து புறப்படும். அந்நாட்டு விசா வேண்டும். கிரேக்க நாட்டில் ஆதோஸ் மலை மடங்களுக்குச் செல்ல, நாட்டு விசாவுக்கு மேல் மடத்தாரின் அனுமதிச் சீட்டும் தேவை. பெண்களுக்கு அச்சீட்டும் இல்லை.

இவற்றிலிருந்து பயணம் போகும் மாணவர் கைக்கொள்ள வேண்டியவை சில. சேரும் ஊரின் விதியோடு வழியில் உள்ள ஊரின் விதியையும் படியுங்கள். எத்தனை முறை நுழையலாம் என்று விசாவில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பல நாடுகள் கடவுச் சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. அந்தந்த அரசின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இருமடங்கு கட்டணம் பிடுங்கும் போலித் தளங்கள் பல. பாட்டி வீட்டில், பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய தாள்கள் கிடக்கக் கூடும்: போட் மெயில் பயணச் சீட்டு, வதிவிட அனுமதி, இலங்கைக்கு மட்டும் செல்லும் என்று இந்திய அரசு முன்னாளில் தந்த தனிக் கடவுச் சீட்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் படியெடுத்துக் கொண்டு வாருங்கள். பெயர் தெரியாத முத்திரைகளை உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம்.